டேஷ்போர்டைக் கழட்டுவதா, வண்டியிலேயே வைத்து அடிப்பதா?

ஆடி மாதம் முதல் வாரத்தில் கோபியிலிருந்து, அதாவது கோபிசெட்டிபாளையத்திலிருந்து, மாமா பையன் போன் செய்தான். அவன் வீட்டில் 1971 மாடல் அம்பாசடர் மார்க் 2 ஒன்று நிற்கிறது. எனக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா), அவனுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா), அவர் வாங்கிய வண்டி. "ஏனுங் மச்சான், வெளிய பூரா தை மாசம் பெயின்ட் அடிச்சுக்கலாம்னு இருக்கறேன். உள்ள டேஷ்போர்டு மட்டும் இப்பவே முடிச்சு வெச்சுட்டா ஒரு வேலை ஓஞ்சு போகுமில்லீங்? கழட்டி அடிக்கோணுமா, டேப் ஒட்டி அப்பிடியே அடிச்சறலாமா?"

சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இந்த வேலையை மூன்று விதமாகவும் பார்த்துவிட்டேன். எங்கள் அப்பாரு விட்டுப்போன 1968 மாடல் பியட் 1100டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த வண்டி, என்னிடம் இருக்கிறது. அதன் டேஷ்போர்டை முதல் தடவை டேப் ஒட்டி அடித்தார்கள். அது கெட்டுப்போய், இரண்டாம் தடவை எல்லாச் சாமானையும் கழட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்று அடிக்க வைத்தேன். முன் கண்ணாடியையும் எடுத்துவிட்டு அடிப்பது மூன்றாவது வகை. அதைக் கரூரில், பஸ் பாடி கட்டும் ஷெட் ஒன்றில், நண்பனின் வண்டிக்காகப் பத்து நாள் கூடமாட நின்று பார்த்தேன். மூன்றிலும் பெயின்ட் ஏறக்குறைய ஒன்றேதான். பலன் மாறியது ஒயராலும் கண்ணாடியாலும். அதனால் மாப்பிள்ளையிடம் நான் திருப்பிக் கேட்டதும் அதைத்தான்: "டேஷ்போர்டு கெடக்கட்டும். ஒயர் எப்பிடி இருக்குது? முன் கண்ணாடியச் சுத்தி இருக்கற ரப்பர் பீடிங் ஓரம் துரு இருக்குதா?"

அவனுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

கழட்டுவது என்றால் எதை?

இங்கேயே பாதிக் குழப்பம். இன்றைய வண்டிகளில் டேஷ்போர்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் சாமான். பத்துப் பதினைந்து ஸ்க்ரூவை எடுத்தால் முழுசாக வெளியே வந்துவிடும். பழைய வண்டிகளில் அப்படி இல்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் டேஷ்போர்டுத் தகடு பாடியோடு வெல்டு செய்யப்பட்டது, கழட்டும் பேச்சுக்கே இடமில்லை. மோரிஸ் மைனரிலும் அது பாடியின் அங்கம்தான். நடுப்பலகை, மூடிகள் என்று சில துண்டுகள் மட்டும் தனியே வரும். மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகையறாவில் நேர்மாறு: தனிப் பலகை, போல்ட்டை எடுத்தால் கையோடு வந்துவிடும். என் பியட்டின் கதையோ தனிக்கதை. எப்போதோ ஒரு டிங்கர், ஓட்டையான மூலையில் ஒட்டுத்தகடு வைத்து டேஷ்போர்டையும் கவுலையும் (முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பாடித் தகடு) சேர்த்து வெல்டு அடித்துவிட்டார். கம்பெனி எப்படி அனுப்பியிருந்தாலும் இனி அது கழன்று வராது.

ஆகவே முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தலைவைத்துப் படுத்து, டேஷ்போர்டின் கீழ் விளிம்பையும் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். போல்ட் தலை தெரிகிறதா, வட்ட வட்டமாக வெல்டு பொட்டு தெரிகிறதா என்பதை உங்கள் வண்டியே சொல்லும். அடுத்தவர் சொன்னதை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். ஐம்பது வருஷத்தில் யார் யார் கை பட்டிருக்கிறதோ.

தகடு வெல்டு என்றால் நம் முன்னால் உண்மையில் இருக்கும் வழிகள் இவைதான்: எதையும் கழட்டாமல் மறைத்து அடிப்பது, மீட்டர், ஸ்விட்ச், மூடி எல்லாவற்றையும் எடுத்து வெறும் தகடாக்கி வண்டிக்குள்ளேயே அடிப்பது, அதோடு முன் கண்ணாடியையும் இறக்கிவிட்டு அடிப்பது. போல்ட்டில் நிற்கும் வண்டிக்காரர்களுக்கு மட்டும், வெளியே எடுத்து மேசை மேல் வைத்து அடிக்கும் பாக்கியம். அந்த மாதிரி வண்டி வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். தகட்டைப் படுக்க வைத்து அடித்தால் பெயின்ட் வழியாது, ஸ்ப்ரே கன் நேராக நிற்கும், கீழ் விளிம்பு வரை சமமாக ஏறும். மற்றவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி எல்லாம்.

டேப் ஒட்டி அடித்த கதை

தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் என் பியட்டை ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். "ரெண்டே நாள்ல முடிச்சுத் தர்றமுங், மீட்டரையெல்லாம் எதுக்குக் கழட்டிக்கிட்டு" என்றார்கள். எனக்கும் அவசரம். மீட்டர்களைச் சுற்றி டேப்பை ஒட்டி, நியூஸ் பேப்பரால் ஸ்டியரிங்கை மூடி அடித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கல்யாண வண்டியில் மாப்பிள்ளை வீட்டார் கூட "புது வண்டியாட்டம் இருக்குது" என்றார்கள்.

மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில், நடுவில் சின்னச் சின்ன வட்டமாகப் பெயின்ட் விலகி அடித்தகடு தெரிந்தது. காரணம் பெயின்ட் இல்லை. வருஷக்கணக்காக டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்ப்ரேயைப் போட்டுத் துடைத்திருக்கிறோம். அதில் சிலிக்கான் உண்டு, சிலிக்கான் இருக்கும் இடத்தில் பெயின்ட் நிற்காது, விலகி ஓடும். எமரி காகிதம் போட்டுத் தேய்ப்பதற்கு முன்பே மெழுகும் எண்ணெயும் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் சிலிக்கானைக் கீறலுக்குள் நாமே திணித்ததாகிவிடும். இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. விபூதி, சந்தனம், குங்குமம், ஊதுபத்திப் புகை, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பூசுகிற எண்ணெய். அப்பாரு காலத்திலிருந்து பிள்ளையார் உட்கார்ந்திருந்த இடத்தில் பெயின்ட் பிடிக்கவே இல்லை.

அடுத்தது மீட்டர் வளையம். டேப்பை வளையத்தின் ஓரத்தில் எவ்வளவு ஒட்டி வைத்தாலும், வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பெயின்ட் ஒரு பாலம் போல் படிந்துவிடும். பிறகு ஸ்பீடோமீட்டர் கேபிள் மாற்ற மீட்டரை வெளியே எடுத்தார் எலக்ட்ரீசியன். வளையத்தோடு பெயின்ட் பொருக்கும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. உள்ளே பார்த்தால் பழைய பச்சை நிறம், நடுவில் கூர்மையான ஒரு கோடு.

அந்த நியூஸ் பேப்பர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தின்னர் பேப்பருக்குள் ஊறி இறங்கும், அச்சு மையும் கூடவே இறங்கும். என் ஸ்டியரிங்கில் ஒரு மூலையில் எழுத்து தலைகீழாக ஒட்டியிருந்தது. பெட்டிக்கடையில் கிடைக்கிற பழுப்பு நிறக் காகிதமோ, பிளாஸ்டிக் ஷீட்டோ வாங்கிக் கொடுங்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதில் ஒன்றும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், டேப் வழியைக் கூடவே கூடாது என்று ஒதுக்க மாட்டேன். நிறம் மாறவில்லை, தகட்டில் துரு இல்லை, ஒரு கீறலோ மங்கலோ மட்டும்தான் என்றால் அது போதும். ஒரு சனி ஞாயிறில் முடியும். ஆனால் நிறம் மாறினால் வேண்டவே வேண்டாம். குளோவ் பாக்ஸ் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய நிறம் எட்டிப்பார்த்துச் சிரிக்கும்.

வெறும் தகடாக்கி உள்ளேயே அடிப்பது

என் வண்டிக்குக் கடைசியில் இதுதான் கைகொடுத்தது. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கும் இதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் இதில் பெயின்ட் அடிப்பது கால் பங்கு வேலை. முக்கால் பங்கு கழட்டுவதிலும் மாட்டுவதிலும் போகும். என் பெயின்டர் சொன்னது: "கழட்டறது பெருசில்லீங்ணா. கழட்டுனவனே திலும்பி மாட்டோணும். அதுதானுங் பெருசு." கழட்டியவர் ஒருவர், மாட்டியவர் இன்னொருவர் என்று ஆன வண்டிகளில் ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும்.

பேட்டரியை முதலில் கழட்டுங்கள். ஷார்ட் ஆகக் கூடாது என்பதற்காக மட்டும் இல்லை. பெயின்ட் அடிக்கும்போது வண்டிக்குள் தின்னர் ஆவி நிறைந்திருக்கும், ஒரு பொறி போதும். எர்த் முனையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருப்பதுண்டு, அதனால் நெகட்டிவ்தான் எர்த் என்று எண்ணிக்கொண்டு கைவைக்காமல் கேபிள் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள்.

பிறகு ஒயர். ஒவ்வொரு ஒயரின் முனையிலும், அது கழன்று வந்த முளையிலும், மாஸ்கிங் டேப்பில் ஒரே எண்ணை எழுதி ஒட்டினேன். போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம். ஐம்பது வருஷத்தில் எல்லா ஒயரும் ஒரே அழுக்கு நிறமாகிவிடும், போட்டோவில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஸ்க்ரூக்களுக்கு நாமக்கல் முட்டை அட்டை. ஓர் அட்டையில் 30 குழி. ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் எந்த இடத்து ஸ்க்ரூ என்று எழுதிக்கொண்டால், மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் ஆயிற்று. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தப் பெரிய ஒர்க்ஷாப்பிலும் பார்த்ததில்லை.

சில இடங்களில் அவசரப்பட்டால் ஆயிரக்கணக்கில் நஷ்டம். சில பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் மீட்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று எஞ்சின் வரை போகும். அது ஒயர் இல்லை. மீட்டர், குழாய், எஞ்சினுக்குள் இருக்கும் குமிழ் எல்லாம் ஒரே துண்டு, உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்திருக்கும். வெட்டினாலோ மடங்கி ஒடிந்தாலோ மீட்டர் செத்தது. எஞ்சின் பக்கத்துக் குமிழைக் கழட்டி, முழுசாக உருவித்தான் எடுக்க வேண்டும். ஆயில் பிரஷர் மீட்டருக்கும் குழாய் வரும் வண்டிகள் உண்டு. அதில் உண்மையான ஆயில் இருக்கும், கழட்டும்போது கீழே கார்பெட்டில் கொட்டும். ஸ்டியரிங் வீலை எடுக்கப் புல்லர் என்ற இழுத்துக் கழட்டும் கருவி வேண்டும். சுத்தியலால் அடியில் தட்டி எடுக்க முயன்றால் பழைய வீல் விரிசல் விடும். அம்பாசடர், பியட் இரண்டிலும் கியர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால், தண்டையே கீழே இறக்கினால் கியர் கம்பிகளின் அளவு கலைந்துவிடும். வீலை மட்டும் எடுங்கள், தண்டைத் தொடாதீர்கள்.

பழைய பெயின்ட் எந்த வகை என்று தெரியாமல் புதுசை மேலே ஏற்றக் கூடாது. தின்னரில் நனைத்த துணியை ஓரமாக ஒரு நிமிஷம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். தோல் சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகவில்லை என்றால் ஹார்ட்னர் கலந்து அடித்த 2கே. எனாமல் மேல் என்சி அடித்தால் தின்னர் அடியில் இறங்கிக் கோழித் தோல் மாதிரி சுருக்கிவிடும். சந்தேகம் என்றால் தகடு வரை எடுத்துவிட்டு, எபாக்சி பிரைமரிலிருந்து தொடங்குவதே நிம்மதி. தேய்க்கும்போது உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்தது, தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம், ஆனால் ஒயர் முனைகளை முதலில் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் நம் பட்டறைகளில் எங்கும் கிடக்கும். எஞ்சின் துடைக்க அருமையான சாமான், பெயின்டுக்கு முன்னால் துடைக்க வேண்டாம். அதன் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டு காய்ந்த பிறகு மீசை மாதிரி நிற்கும். பசை தடவிய டேக் துணி என்று பெயின்ட் கடையில் கேளுங்கள்.

2கே பெயின்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். திறந்த வெளியில் அடிக்கும்போதே முகமூடி வேண்டும். மூடிய வண்டிக்குள் தலையை விட்டு அடிக்கும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. வெளிக்காற்று குழாய் வழியே வரும் முகமூடி வைத்திருக்கும் பெயின்டரைத் தேடுங்கள். கதவுகளைக் கழட்டிவிட்டால் அவருக்கு மூச்சும் விட முடியும், கன்னைத் திருப்பவும் இடம் கிடைக்கும். டேஷ்போர்டுக்குச் சின்ன டச்-அப் கன் போதும், பெரிய கன் உள்ளே சாய்ந்தால் சொட்டும்.

இந்த வழிக்கு ஒரே ஒரு குறை, அதுவும் தீராத குறை: கண்ணாடி ஓரம். டேஷ்போர்டின் மேல் விளிம்பு ரப்பர் பீடிங்குக்கு அடியில் நுழைகிறது. கண்ணாடி இருக்கும்போது அங்கே எமரியும் போகாது, பெயின்டும் போகாது. பீடிங்கின் உதட்டை நூல் கயிறு திணித்துத் தூக்கிவைத்து அடித்தார் என் பெயின்டர். நல்ல தந்திரம்தான். ஆனால் உதட்டுக்கு அடியில் துரு இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். எனக்கு இரண்டாம் வருஷ ஐப்பசி மழையில் இடது மூலையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. மழை பெய்தால் அங்கிருந்துதான் சொட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடியையும் இறக்குவது

கரூர் ஷெட்டில் பார்த்தது இது. பஸ் பாடி கட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி இறக்குவதும் ஏற்றுவதும் அன்றாட வேலை. பீடிங்கின் உதட்டை உள்ளிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே, இரண்டு பேர் உள்ளங்கையால் மெல்ல அழுத்த, வெளியே இன்னும் இருவர் ஏந்திக்கொண்டார்கள். பழைய பீடிங் காய்ந்து கல்லாகியிருந்தால் அதைப் பாதுகாக்க முயல வேண்டாம், பிளேடால் அறுத்து எறிந்துவிடுவதுதான் கண்ணாடிக்குப் பாதுகாப்பு. ஏற்றும்போது புதுப் பீடிங்கைக் கண்ணாடியில் மாட்டி, அதன் காடியில் ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து அழுத்த அழுத்த உள்ளிருந்து கயிற்றை உருவினால் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். கயிற்றைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று உருவி முடிக்கும் வரை யாரும் பேசவில்லை.

கண்ணாடி போனதும் டேஷ்போர்டு வேலையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மேலிருந்து நேராகக் கை போகும், கன் நேராக நிற்கும், வெளிச்சம் கொட்டும், ஆவி வெளியேறும். பீடிங் உட்காரும் விளிம்பில் இருக்கும் துருவை முழுசாகச் சுரண்டி, வேண்டுமானால் தகடு ஒட்டி, பிரைமர் போட்டுவிடலாம். ஒயரிங் கிட், அதாவது மொத்த ஒயரையும், மாற்ற வேண்டிய வண்டியாக இருந்தால் அதற்கும் இதைவிட நல்ல சமயம் கிடையாது. தலைகீழாகப் படுக்காமல் எலக்ட்ரீசியன் நின்றபடியே வேலை செய்யலாம்.

பயம் ஒன்றுதான்: கண்ணாடி உடைந்தால்? பழைய மாடலுக்கு மாற்றுக் கண்ணாடி தேடி அலைய வேண்டியிருக்கும். டெம்பர் செய்த கண்ணாடி என்றால் ஓரத்தில் ஒரு தட்டு, மொத்தமும் கற்கண்டாகக் கொட்டிவிடும். அதனால், வெளியே பெயின்ட் அடிக்கும் எண்ணம் இல்லாமல் டேஷ்போர்டுக்காக மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்லமாட்டேன். மழையில் உள்ளே சொட்டுகிறது என்றால் மட்டும் விதிவிலக்கு. சொட்டும் வண்டியில் எந்தப் பெயின்டும் நிற்காது. அந்தத் தண்ணீர் டேஷ்போர்டின் பின்னால் இறங்கி ஃபியூஸ் பாக்ஸ் மேலேயே விழும். நாள் கணக்கும் இதில்தான் கூடுதல். என்னுடையது வண்டியில் வைத்து அடித்தது இரண்டு வாரம், கரூரில் பீடிங் வந்து சேர்வதற்கே ஒரு வாரம் போனது.

ரெக்சின் ஒட்டுவது, மரம் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுவது என்றும் சிலர் கேட்கிறார்கள். அடியில் ஈரம் தங்கும், இரண்டு மழைக்காலத்தில் துரு எழும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 1983 கடைசியில் வந்த மாருதி 800 போன்ற பிளாஸ்டிக் டேஷ்போர்டு வண்டிகளும் இப்போது பழைய வண்டிக் கணக்கில் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குப் பிளாஸ்டிக்கில் பிடிப்புக் கொடுக்கும் தனிப் பிரைமர் வேண்டும், மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது.

மாட்டிய பிறகு வரும் பேய்

பெயின்ட் அருமையாக வந்துவிட்டது, எல்லாவற்றையும் மாட்டியாயிற்று, சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் அசையவில்லை, மீட்டர் விளக்கு மினுக்மினுக் என்கிறது. இது என் வண்டியில் நடந்தது. கழட்டி அடித்த பல வண்டிகளில் நடக்கும். பழைய வண்டிகளில் பல மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் எர்த் ஒயர் தனியாகக் கிடையாது, டேஷ்போர்டுத் தகடுதான் எர்த். நாம் அந்தத் தகட்டின் முன்புறம் பின்புறம் ஓட்டை விளிம்பு எல்லாம் அழகாகப் பெயின்ட் பூசி அந்த வழியை அடைத்துவிட்டோம். எலக்ட்ரீசியன் ஒயரை மாற்றச் சொல்வார், மீட்டரை மாற்றச் சொல்வார். ஒன்றும் வேண்டாம். மீட்டர் கிளாம்ப் உட்காரும் இடத்தில் பின்புறம் கால் ரூபாய் அகலம் பெயின்டைச் சுரண்டிவிடுங்கள். அல்லது எல்லா மீட்டரையும் இணைத்துப் பாடிக்கு ஒரு கறுப்பு ஒயர் இழுத்துவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி வகை மீட்டர் இருக்கும் வண்டிகளில் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் ஒன்று சின்னத் தகரப் பெட்டியாகப் பின்னால் இருக்கும். அதற்கும் அதன் தகரமே எர்த். அது விட்டுப்போனால் பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டும். இரண்டும் ஒரே சமயத்தில் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

மாட்டுவதற்கு அவசரமும் கூடாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு வாரமாவது விடுங்கள். பச்சையாக இருக்கும்போது குரோம் வளையத்தை முறுக்கினால், வளையம் பெயின்டுக்குள் அமுங்கி அடையாளம் பதிந்துவிடும், நட்டுக்கு அடியில் பெயின்ட் நட்சத்திரமாக வெடிக்கும். பழுப்புக் காகிதத்தில் ஒரு வளையம் வெட்டி நடுவில் வைத்து முறுக்குவது பெயின்டர் காட்டிய உபாயம்.

இன்னும் ஒரு சங்கதி, என் சொந்த விருப்பம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டின் மேல்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டாம். ஈரோட்டிலோ கரூரிலோ சித்திரை வெயிலில் அது கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டையே மறைக்கும். முகப்பு பளபளக்கட்டும், மேல்பக்கம் மேட் ஆக இருக்கட்டும். ஸ்டீரியோவுக்காகத் தகட்டை வெட்டுவதும் வேண்டாம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய, ஆதி நிலையிலேயே இருக்கும் வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. சேஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தக் கதவு அடைபடும். பழைய டேஷ்போர்டு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோவை அவிநாசி ரோட்டில் ஜிடி கார் மியூசியத்துக்குப் போங்கள். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டித் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் சேர்த்து வைத்த வண்டிகள். நான் அங்கே போனால் வண்டியை விட டேஷ்போர்டைத்தான் குனிந்து குனிந்து பார்ப்பேன், காவலர் ஒரு மாதிரி பார்ப்பார்.

கோபியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். சீட்டைக் கழட்டி மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். எலி கடித்த ஒயர் மூன்று இடத்தில், தாமிரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மீதி ஒயரை வளைத்தால் மேலுறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. யாரோ ஸ்டீரியோவுக்கு அடித்த இரண்டு ஓட்டை. கண்ணாடி பீடிங் ஓரம் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் வலது மூலையில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போயிற்று.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஒயரிங் கிட் மாற்றியே ஆக வேண்டும், வெளிப் பெயின்டுக்குக் கண்ணாடி எப்படியும் இறங்கத்தான் போகிறது. இப்போது டேப் ஒட்டி அடித்தால், தை மாதம் அதே கண்ணாடியை இறக்கி, துருவை வெட்டி ஒட்டும்போது புதுப் பெயின்ட் மேலேயே வெல்டிங் பொறி விழும். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. அதோடு ஆடியில் அடிக்க நினைப்பதே தப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு மண்ணை வாரி இறைக்கும் மாதம் அது. கோபி கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அம்மியை நகர்த்தும் காற்றுக்கு ஈரப் பெயின்ட் எம்மாத்திரம்? ஐப்பசி கார்த்திகையில் என்சி பெயின்ட் அடித்தால் ஈரம் புகுந்து பால் ஊற்றியது போல் வெளுக்கும். தையும் மாசியும்தான் நமக்கு.

"அப்ப கண்ணாடியோட சேத்தி எல்லாத்தையும் கழட்டிறலாமுங் மச்சான்?" என்றான்.

"தையில கழட்டு. இப்ப ஒயரை மட்டும் டேப் சுத்தி வெய்யி. பேட்டரியைக் கழட்டிப் போட்டுரு, வண்டி எரிஞ்சு போச்சுன்னா பெயின்ட் அடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அம்மிச்சி (அம்மாவின் அம்மா) திண்ணையில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான். டேஷ்போர்டு மேல் அப்பிச்சி வைத்த பிள்ளையாரை என்ன செய்வது? அதையும் எடுத்தால்தான் பெயின்ட் பிடிக்கும் என்றான் மாப்பிள்ளை. "எடுக்கறதுன்னா நல்ல நாள் பாத்து நாந்தான் எடுப்பேன், அதுவரைக்கும் ஆரும் கைய வெக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். தகட்டில் துளை போட்டு ஸ்க்ரூ வைத்து இறக்கியிருக்கிறார் அப்பிச்சி, அந்த ஓட்டையை அடைப்பதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.